அம்மையார் போன வழி

தமிழ்ப் பக்தி மரபில் கயிலைக்குப் போனவர்கள் என்று நாம் அடிக்கடி சொல்வது ஐந்து பேரை. சுந்தரர் வெள்ளை யானையில் போனார். அவருடைய தோழர் சேரமான் பெருமாள் குதிரையில் போனார். ஔவையாரை விநாயகர் துதிக்கையால் தூக்கி, அந்த இருவருக்கும் முன்பே அங்கே இறக்கிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நடந்து போனவர்கள் இரண்டு பேர்தான்: திருநாவுக்கரசர், காரைக்கால் அம்மையார். இந்த இருவரில் போய்ச் சேர்ந்தவர் ஒருவர். அவர் பெண்.

இதை ஒரு மலைப்பயணமாக நாம் படித்ததே இல்லை. பக்தியின் உச்சம் என்று படித்திருக்கிறோம். தலையால் நடந்தார் என்று கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த நாயனாருக்குப் போய்விடுகிறோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில், நடந்து போன இந்த இருவரின் பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறு ஒன்று தெரியும். ஆணின் மலைவழி எப்படி எழுதப்படுகிறது, பெண்ணின் மலைவழி எப்படி எழுதப்படுகிறது என்பதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

நாவுக்கரசர் புறப்படும்போது வயதானவர். அவருடைய பயணத்துக்கு ஊர்ப்பெயர்கள் உண்டு. காளத்தி, ஸ்ரீசைலம், தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம், பிறகு காசி. காசியில் உடன் வந்தவர்களை விட்டுவிட்டுத் தனியாக வடக்கே போகிறார். காடு வருகிறது, இரவு வருகிறது. பாதம் தேய்கிறது. பாதம் தேய்ந்ததும் கையால் தவழ்கிறார். கை தேய்ந்ததும் மார்பால் ஊர்கிறார். மார்பும் நைந்ததும் உருண்டு போகிறார். அப்போது முனிவர் வடிவில் சிவன் வந்து, மானுட உடம்போடு கயிலையை எட்ட முடியாது, திரும்பிப் போ என்கிறார். போகமாட்டேன் என்கிறார் நாவுக்கரசர். கடைசியில் அங்கே ஒரு பொய்கையில் முழுகித் திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார். கயிலைக் காட்சி அவருக்குத் திருவையாற்றிலேயே கிடைக்கிறது. அவர் தோற்றார் என்று யாரும் சொல்வதில்லை. அந்தத் தேய்ந்த உடம்பே அவருடைய பெருமையாகிறது.

அம்மையாரின் பயணத்துக்கு வருவோம். அவருக்குச் சேக்கிழார் ஒதுக்கியது 66 பாடல்கள். அவற்றில் கயிலைக்குப் போகும் வழி கிட்டத்தட்ட ஒரே பாட்டில் முடிந்துவிடுகிறது. வடதேசம் முழுவதையும் மனத்தைவிட வேகமாகக் கடந்தார், மலை அடிவாரம் வந்ததும் காலால் நடப்பதை விட்டுத் தலையால் நடந்தார். அவ்வளவுதான். ஒரு ஊர்ப்பெயர் இல்லை. ஓர் இரவு இல்லை. பசி இல்லை, தாகம் இல்லை, கால்வலி இல்லை. காரைக்காலிலிருந்து இமயம் வரை ஒரு பெண் தனியாகப் போயிருக்கிறாள், வழியில் என்ன நடந்தது என்று கேட்க வழியே வைக்கவில்லை கவிஞர்.

ஏன் இல்லை? விடை அதற்குச் சற்று முந்தைய பாடல்களில் இருக்கிறது. பயணம் தொடங்கும்போது அவர் பெண்ணாக இல்லை. பேயாகிவிட்டார்.

*

கதை எல்லோருக்கும் தெரியும் என்றாலும் காரைக்குடியில் உட்கார்ந்து படிக்கும்போது சில இடங்கள் தனியாக உறுத்தும். புனிதவதியார் வணிகர் வீட்டுப் பெண், வணிகனுக்கு வாழ்க்கைப்பட்டவர். மாம்பழ அதிசயத்தைக் கண்டு மிரண்ட கணவன் பரமதத்தன் வணிகத்துக்கென்று சொல்லிக் கப்பலேறுகிறான். திரும்பி வருகிறான், ஆனால் அவளிடம் இல்லை. பாண்டிநாட்டு ஊர் ஒன்றில் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்து வாழ்கிறான். இதெல்லாம் தெரியாமல் அவள் அவனுக்காக வீட்டைப் பேணிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் கப்பலேறிப் போனவர்களின் கதைகள் நிறைய உண்டு. கொண்டுவிக்கப் போவது என்று நகரத்தார் சொல்வார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று லேவாதேவிக்குப் போன செட்டியார்கள் ஒரு கணக்குக்கு மூன்று ஆண்டு போல அங்கேயே இருந்துவிட்டு வருவார்கள். வளவும் இரண்டாங்கட்டும் மூன்றாங்கட்டும் தேக்குத் தூணுமாக அந்தப் பணம் இங்கே வீடாக எழுந்தது. அந்த வீட்டுக்குள் ஆச்சிமார் இருந்தார்கள். நெல்லளந்து, கணக்குப் பார்த்து, சீர் சேர்த்து, பிள்ளைகளைக் கரையேற்றி, வீட்டையே ஒரு நிறுவனம்போல நடத்தினார்கள். திறமைக்குக் குறைவில்லை. போக்குவரத்து மட்டும் ஆண்களுடையது. தூரத்தை அளந்தவர்கள் அவர்கள், காலத்தை அளந்தவர்கள் இவர்கள்.

புனிதவதியாரின் கதையிலும் இதே பங்கீடுதான். கணவனுக்குக் கடல், மனைவிக்கு வீடு. சுற்றத்தார் அவரைப் பல்லக்கில் அழைத்துப்போய்ப் பரமதத்தன் முன் நிறுத்தும்போது அவன் புது மனைவியோடும் குழந்தையோடும் அவர் காலில் விழுகிறான். தெய்வம் என்கிறான். தெய்வம் என்று சொல்லிவிட்டால் சேர்ந்து வாழ வேண்டியதில்லை. அந்த இடத்தில்தான் அவர் கேட்கிறார்: இவனுக்காகச் சுமந்திருந்த இந்தச் சதையும் அழகும் இனி வேண்டாம், உன் அடியைப் போற்றும் பேய் வடிவம் கொடு. கொடுக்கப்படுகிறது. எலும்புக்கூடாகிறார். அதன்பிறகுதான் வாசலைத் தாண்டுகிறார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பெண்ணுடல் போக வேண்டும். பிறகுதான் பாதை திறக்கும்.

பேய் வடிவத்தை விடுதலை என்று கொண்டாடும் பெண்ணிய வாசிப்புகள் உண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. அழகு என்ற கடமையைத் தூக்கி எறிந்த முதல் தமிழ்ப் பெண் என்று அவரைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேட்டவரும் அவர்தான், யாரும் சுமத்தவில்லை. ஆனால் தானாகக் கொடுத்த விலையும் விலைதான். பேயைப் பார்த்தவர்கள் வியந்து அஞ்சி ஓடினார்கள் என்று சேக்கிழார் சொல்கிறார். என்னை அறிய வேண்டியவன் அறிந்தால் போதும், மற்றவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்தால் என்ன என்கிறார் அம்மையார். இந்த இடத்தைப் பக்தியாகப் படிக்கலாம். ஆளில்லாத வழியில் தனியாகப் போகும் ஒரு பெண்ணின் பாதுகாப்பு ஏற்பாடாகவும் படிக்கலாம். எதிரே வருகிறவன் ஓட வேண்டும். அவன் ஓடாவிட்டால் இவள் ஓட வேண்டியிருக்கும்.

மலையேறுகிற ஆண்கள் எழுதுவதைப் படித்தால் கூட்டமில்லாத வழியைத்தான் தேடுகிறார்கள். மனித வாடையே இல்லாத பாதை, தன் மூச்சு தனக்கே கேட்கிற தனிமை என்பார்கள். பெண்ணுக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஆளில்லாத வழி என்றதும் அவள் மனம் வேறு கணக்குப் போடத் தொடங்கும். தைப்பூசத்தை ஒட்டி எங்கள் ஊர்ப் பக்கமிருந்து காவடிகளோடு குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தில் இன்று பெண்களும் நடக்கிறார்கள். கால் கொப்பளித்து, சாலையோரப் பந்தலில் படுத்து, நாள்கணக்காக நடக்கிறார்கள். யாரும் தடுப்பதில்லை, ஏனென்றால் அங்கே கூட்டம்தான் அனுமதிச்சீட்டு. அதே பெண் வேறொரு மாதத்தில், வேண்டுதல் எதுவும் இல்லாமல், சும்மா நடந்து பார்க்க ஒரு மலைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் வரும் முதல் கேள்வி “எதுக்கு?” இரண்டாவது, “யாரு கூட?”

*

ஔவையார் கதையிலும் இதே கணக்கு இருக்கிறது. கல்யாணப் பேச்சு வந்தபோது அவர் விநாயகரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன்பிறகு நாடெங்கும் நடந்தார், அரசர்களிடம் நியாயம் பேசினார், கயிலைக்கும் போனார். நம் மரபு கயிலைக்கு அனுப்பிய பெண்கள் இருவர். ஒருவர் கிழவி, ஒருவர் பேய். இளம்பெண் ஒருத்தி அவள் உடம்போடு போன கதை நம்மிடம் இல்லை.

பழைய கதைதானே என்று விட்டுவிட முடியாது. கோயம்புத்தூருக்கு மேற்கே இருக்கும் வெள்ளியங்கிரியைத் தென்கயிலை என்றே சொல்கிறார்கள். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏழு மலை ஏற வேண்டும். அங்கே வழக்கம் என்ன? பூப்படையாத சிறுமி ஏறலாம், மாதவிலக்கு நின்றவர் ஏறலாம், இடையில் இருப்பவர்கள் கூடாது. ஔவையாரின் வரம் இங்கே வயதுக் கணக்காகிவிட்டது.

உண்மையான கயிலைக்கு, இந்திய வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரையில் போக என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். 18 வயதிலிருந்து 70 வரை இருக்கலாம், உடல் எடை உயரத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். ஆணா பெண்ணா என்பது தடையில்லை. 6,638 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் உச்சிக்கு யாரும் ஏறுவதில்லை, சுற்றி வருவதுதான் வழிபாடு. சுமார் 52 கிலோமீட்டர் சுற்று, நடுவே 5,600 மீட்டருக்கு மேலே டோல்மா லா கணவாய். வடகயிலை நுரையீரலைக் கேட்கிறது. தென்கயிலை கருப்பையைக் கேட்கிறது.

பொதிகை மலைத்தொடரின் அகத்தியர்கூடம் இன்னொரு சான்று. 1,868 மீட்டர். தமிழ் பிறந்த மலை என்று மேடைதோறும் பேசுகிறோம். கேரளப் பக்கத்திலிருந்து ஏறும் வழியில் பெண்களுக்கு இடமில்லாமல் இருந்தது. பெண்கள் குழுக்கள் போராடி, வழக்காடி, 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பாலினத்தைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பு அதிகாரி தன்யா சனல், அந்தத் தீர்ப்புக்குப் பின் உச்சியை அடைந்த முதல் பெண்ணானார். அந்தக் காட்டில் காலங்காலமாக வாழும் காணிப் பழங்குடியினர், வழி மறிக்காமல், தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். அவர்களுடைய குறையை நகரத்துப் பெண்ணியம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அது அவர்கள் காடு, யார் வந்து போனாலும் பாதிப்பு அவர்களுக்கு. ஆனால் வெளியூர் ஆண்கள் பல ஆண்டுகள் சீட்டு வாங்கி ஏறிக்கொண்டிருந்த மலை அது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அகத்தியர் பிரம்மச்சாரி, பெண்வாடை ஆகாது என்பது அப்போது அடிக்கடி கேட்ட காரணம். அகத்தியருக்கு லோபாமுத்திரை என்ற மனைவி உண்டு. ரிக் வேதத்தில் அவள் தன் கணவனிடம் பேசும் பேச்சே இருக்கிறது. தன் ஆசையை வெளிப்படையாகப் பேசிய பெண் அவள். அவளை அழித்தால்தான் அவரைப் பிரம்மச்சாரியாக்க முடியும். ஒரு மலையைப் பெண்ணுக்கு மூட வேண்டுமென்றால் முதலில் கதையிலிருந்து ஒரு பெண்ணை எடுத்துவிட வேண்டியிருக்கிறது.

*

தடையே இல்லாத மலையிலும் இந்தக் கணக்குத் தீருவதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. அங்கேயும் பிறகு மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மகளிர் தினத்தை ஒட்டிச் சென்னையிலிருந்து போயிருந்த குழுவில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. தீப்பிடிக்கும் பருவத்தில் வழி ஏன் திறந்திருந்தது? அனுமதி எப்படிப் பெறப்பட்டது? வழிகாட்டிகளுக்குத் தீயைப் பற்றி என்ன பயிற்சி இருந்தது? அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது, அந்த ஆண்டே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளும் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைப் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு திறந்தது. சரியான கேள்விக்குக் கிடைத்த சரியான விடை அதுதான்.

ஆனால் அந்த வாரம் எங்கள் தெருவில், பஸ்ஸில், பணியிடத்தில் நான் கேட்டது வேறு. “பொம்பளைப் பிள்ளைகளுக்கு மலையில என்ன வேலை?” கேட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். இறந்தவர்களில் ஆண்களும் உண்டு. ஆம்பளைப் பிள்ளைகளுக்கு மலையில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. மலையில் செத்த ஆண் துணிந்தவன், மலையில் செத்த பெண் அடங்காதவள். நாவுக்கரசரின் தேய்ந்த பாதம் புராணத்தில் இடம்பெறுகிறது. இந்தப் பெண்களின் வெந்த உடம்பு பாடம் புகட்டப் பயன்படுகிறது.

வென்று திரும்பியவர்கள் நிலை? 2023 மே 23 அன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்செல்வி எவரெஸ்ட் உச்சியை அடைந்தார், தமிழ்நாட்டிலிருந்து முதல் பெண். மகிழ்ச்சியோடு படித்த செய்திகளில் அவர் இரண்டு குழந்தைகளின் தாய் என்பதும் கூடவே வந்தது. உண்மைதான், சொல்வதில் தவறில்லை. ஆனால் உச்சி தொட்ட ஆண்களைப் பற்றிய செய்திகளில் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தேடினேன், அநேகமாக இருப்பதில்லை. கயிலையில் தலையால் ஏறி வருகிற எலும்புருவைப் பார்த்து இது யார் என்று உமை கேட்கிறாள். தம்மைப் பேணுகிற தாய் என்கிறார் சிவன். அருகில் வந்ததும் தாயே என்றே அழைக்கிறார். மிக உயர்ந்த மரியாதை அது. கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பதும் அதனால்தான் என்பார்கள். ஆயினும் ஒரு பெண் மலையேறி வந்து நின்றால் நாம் கொடுக்கத் தெரிந்த பெரிய பட்டம் அன்றும் இன்றும் அதுவாகவே இருக்கிறது.

*

நாம் சேக்கிழாரின் அம்மையாரோடு நின்றுவிடக் கூடாது. அம்மையார் எழுதியது தனியாக நம் கையில் இருக்கிறது: அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, இரண்டு மூத்த திருப்பதிகங்கள். அவற்றில் மாம்பழம் இல்லை, பரமதத்தன் இல்லை, தலையால் நடந்தது இல்லை. அவருக்குச் சில நூற்றாண்டுகள் பின்னால் வந்த சுந்தரர் அவரைப் பேயார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். கணவன் கதை நமக்கு விரிவாகக் கிடைப்பது அதற்கும் நெடுங்காலம் கழித்து எழுதிய சேக்கிழாரிடம்.

அவர் தன் கையால் எழுதியதில் இருப்பது இடம். திருவாலங்காட்டுப் பதிகங்களைப் படித்தால், எழுதியவர் அந்தக் காட்டைப் பார்த்தவர், நின்றவர், நடந்தவர் என்று தெரியும். கள்ளி இருக்கிறது, சூரை இருக்கிறது, எட்டியும் இலவமும் இருக்கின்றன, காரை முள் இருக்கிறது. காரைச் செடி மண்டிய இடமாதலால் எங்கள் ஊருக்குக் காரைக்குடி என்று பெயர் வந்தது என்பார்கள், அதே காரை. பேயின் வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, நீண்ட பல், எதையும் அவர் மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நரியும் சுடலையும் இருளும் உள்ள இடத்தில் அவர் வீட்டில் இருப்பதுபோல இருக்கிறார். சேக்கிழார் எடுத்துவிட்ட வழி இங்கே இருக்கிறது. மனத்தைவிட வேகமாகப் போனவருக்குச் செடியின் பெயர் தெரிந்திருக்க முடியாது. மெதுவாக நடந்தவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு சான்று எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் பிரான்மலை. அடிவாரத்தில் தேவாரம் பெற்ற கொடுங்குன்றக் கோயில், உச்சியில் தர்கா. பாரியின் பறம்பு இதுதான் என்று நம்பப்படுகிறது. பாரி மகளிர் பாடியதாக நம்மிடம் இருப்பது ஒரே ஒரு புறநானூற்றுப் பாட்டு. அது தந்தையை இழந்த பாட்டு என்று படிக்கிறோம். மலையை இழந்த பாட்டும்கூட. அதற்குச் சற்றுத் தள்ளிக் கபிலர் பாட்டொன்று அந்தப் பெண்களைக் காட்டுகிறது. மலைமேல் நின்று, படையெடுத்து வந்த அரசர்களின் குதிரைகளை எண்ணிய பெண்கள், இப்போது எங்கோ ஒரு வீட்டோரக் குப்பைமேட்டில் ஏறி நின்று உப்பு வணிகர்களின் வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கபிலர் இரங்குகிறார். நான் படிக்கும்போது இரக்கத்தோடு வேறொன்றும் தோன்றுகிறது. அவர்கள் கிழவிகள் இல்லை, பேய்கள் இல்லை, தாய்கள் இல்லை. கல்யாணமாகாத இளம்பெண்கள். மலை போன பின்னும் உயரத்தில் ஏறி நின்று தூரத்தைப் பார்க்கும் பழக்கம் அவர்களிடமிருந்து போகவில்லை. மேடு கிடைத்தால் ஏறுகிறார்கள்.

மலையேறி வரும் தோழிகளிடம் நான் கேட்பது இதுதான். உச்சியில் எடுத்த படத்தை மட்டும் காட்டாதீர்கள். வழியை எழுதுங்கள். எந்த ஊரில் பஸ் மாறினீர்கள், ராத்திரி எங்கே படுத்தீர்கள், மாதவிலக்கு வந்ததா, மறைவிடத்துக்கு என்ன செய்தீர்கள், எந்த இடத்தில் பயந்தீர்கள், அது விலங்கைப் பார்த்தா மனிதனைப் பார்த்தா, கால் எங்கே கொப்பளித்தது, வழியில் பார்த்த செடியின் பெயர் என்ன. நாவுக்கரசருக்குக் கிடைத்த அத்தனை பாடல்களும் நமக்கும் வேண்டும். அம்மையார் காரைக்காலிலிருந்து கயிலை வரை போன வழி ஒரே பாட்டாகச் சுருங்கிக் கிடக்கிறது. அதை இனி நடந்து போகிறவர்கள்தான் விரித்து எழுத வேண்டும்.